குடாவுக்குள் இரண்டு விளக்குகள்

பிப்ரவரி 3, திங்கள்

தூக்கம்: இல்லை.

டாக்டர் இப்படித்தான் எழுதச் சொன்னார். எப்போது படுத்தேன், எப்போது தூங்கினேன், படுக்கும் முன் என்ன செய்தேன். வேறு ஏதாவது எழுதலாமா என்று கேட்டேன். இடம் இருந்தால் எழுதுங்கள் என்றார். இடம் இருக்கிறது. இரவும் இருக்கிறது.

டைரி தொலைந்து யார் கையிலாவது கிடைத்தால் திருப்பித் தர வசதியாக: பெயர் கோகிலவாணி, வயது முப்பத்தெட்டு, தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் உதவிப் பொறியாளர். சொந்த ஊர் காங்கேயம் பக்கம். ஸ்டெல்லா அக்கா வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். ஷிப்ட் வேலை செய்பவர்களுக்குத் தூக்கம் கெடுவது சகஜம்தான் என்று டாக்டர் சொன்னார். இங்கே வருவதற்கு முன் ஈரோட்டில் இருந்தபோதே இப்படித்தானா என்றும் கேட்டார். ஞாபகமில்லை என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

தூக்கம்: படுக்கையில் இல்லை. கண்ட்ரோல் ரூம் நாற்காலியில் கொஞ்சம். அதைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும்.

பிப்ரவரி 8, சனி

கீழே சண்டை. ஸ்டெல்லா அக்காவும் அவர் தம்பியும். தம்பி அடுத்த தெருவில் தனியாக இருக்கிறார். பெயர் இக்னேஷியஸ் மச்சாது. கப்பல் ஏஜென்சி ஒன்றில் வேலை. அக்கா வீட்டுப் பின்புறம் அவருடைய கயாக் இரண்டு, ஒல்லியான துடுப்புப் படகுகள், கிடக்கின்றன. மஞ்சள் நிறத்தில் ஒருவர் உட்காருவது ஒன்று, சிவப்பில் இருவர் உட்காருவது ஒன்று. வாரத்தில் ஓரிரு ராத்திரி அவற்றை வேன் மேல் கட்டிக்கொண்டு குடாவுக்குப் போய்த் தூண்டில் போடுவது வழக்கம். கூடப் போகும் நண்பர் மஸ்கட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டார். தனியாகப் போகக் கூடாது என்று அக்கா துடுப்புகளை எடுத்து ஒளித்து வைத்துவிட்டார்.

சண்டை முடிந்து அக்கா மாடிக்கு வந்தார். எனக்கு நீச்சல் தெரியுமா என்று கேட்டார். எங்கள் தோட்டத்துக் கிணற்றில் பழகியது, நன்றாகவே தெரியும் என்றேன். அவர் முகம் மலர்ந்த விதத்தைப் பார்த்தால், ஏதோ வரன் பார்க்க வந்தவர் மாதிரி இருந்தது.

"ராத்திரி பூராம் முழிச்சித்தான கெடக்க பிள்ள. அவங்கூட ஒரு தடவ போயிட்டு வா. பிடிக்கலன்னா விட்டுரு."

எனக்குக் கடல் மீன் வாடையே ஆகாது என்பதைச் சொல்லிப் பார்த்தேன். பிடிக்கத்தான் போகச் சொல்கிறேன், தின்ன இல்லை என்றார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

போனேன்.

ஊருக்கு வடக்கே உப்பளங்களைத் தாண்டினால் ஒரு சின்னக் குடா. வாய் குறுகி, உள்ளே அகன்று, இரண்டு பக்கமும் அலையாத்தி மரங்கள். அலை இல்லை. எங்கள் ஊர்க் குளத்தைவிட அமைதியாக இருந்தது. நிலா வெளிச்சத்தில் உப்புக் குவியல்கள் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன.

திரு. மச்சாது அதிகம் பேசுகிறவர் இல்லை. லைஃப் ஜாக்கெட் வாரை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார், தன்னுடையதை நான்கு முறை. நெற்றியில் கட்டும் விளக்கு ஒன்றைக் கொடுத்தார். சிவப்புக் கயாக்கில் நான் முன்னால், அவர் பின்னால். துடுப்புப் போடும்போது என் துடுப்புத் தண்ணீர் முழுவதும் அவர் மேல்தான் விழுந்திருக்கிறது. திரும்பி வந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "மொத நாள் மேடம். சொன்னா நாளைக்கி வரமாட்டீங்க" என்றார்.

ஒரு கெளுத்தி பிடித்தேன். அது என் விரலில் முள்ளை ஏற்றிவிட்டது. வலி உயிர் போனது. திரு. மச்சாது பிளாஸ்கில் இருந்த டீயை அப்படியே ஒரு மூடியில் ஊற்றி, விரலை அதில் முக்கச் சொன்னார். சூடு பட்டால் விஷம் இறங்குமாம். மிச்ச டீயை நாங்கள் குடித்தோம். மூடி டீயை யாரும் குடிக்கவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

தூக்கம்: காலை முழுவதும். மதியச் சாப்பாட்டுக்கு அக்கா கதவைத் தட்டியதும் எந்த ஊரில் இருக்கிறேன் என்றே தெரியவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

நேற்று இரவு எனக்குத் தனியாக மஞ்சள் கயாக். அகலம் குறைவு, கொஞ்சம் சாய்ந்தாலும் இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அரை மணி நேரத்தில் பழகிவிட்டது. பிறகு நான்தான் அவருக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தேன். அவர் பின்னாலிருந்து, ரொம்ப ஆழத்துக்குப் போக வேண்டாம் என்று அடிக்கடி சொன்னார். மீன்கள் எல்லாம் ஆழத்தில்தான் இருந்தன.

விளைமீன் மூன்று எனக்கு. அவருக்கு ஒன்று. வரும் வழியில் பொரிச்ச புரோட்டா. கடைக்காரர் எங்கள் ஈரத் துணியையும் நெற்றி விளக்கையும் பார்த்துவிட்டு, எந்தக் கப்பல் கவிழ்ந்தது என்று கேட்டார்.

அம்மா போன் செய்தார். குரல் தெளிவாக இருக்கிறதே, சளி விட்டுவிட்டதா என்றார். எனக்குச் சளியே பிடித்திருக்கவில்லை.

பிப்ரவரி 22, சனி

கடலோரக் காவல் படகு வந்தது. பெரிய விளக்கை எங்கள் மேல் அடித்தார்கள். யார், எங்கிருந்து, என்ன வேலை என்று மரியாதையாகத்தான் கேட்டுப் பெயரைக் குறித்துக்கொண்டார்கள். இளம் வயதுக் காவலர் ஒருவர், கணவன் மனைவியா என்று கேட்டார்.

நானும் இ.ம.வும் (திரு. இக்னேஷியஸ் மச்சாது என்று ஒவ்வொரு தடவையும் எழுத முடியாது) ஒரே நேரத்தில் பதில் சொன்னோம். நான் இல்லை என்றேன். அவர், "மீன் பிடிக்கோம்" என்றார்.

கேள்விக்கும் அந்தப் பதிலுக்கும் என்ன சம்பந்தம்? அவர்களுக்கும் புரியவில்லை போலிருக்கிறது, சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள். நான் அதைப் பற்றி ஒன்றும் நினைக்கவில்லை. இல்லை என்று சொல்வது அவ்வளவு கஷ்டமான காரியமும் இல்லை. நான் சொன்னேனே. மீன் பிடிக்கிறோம் என்பது பார்த்தாலே தெரிகிற விஷயம், அதை எதற்குச் சொல்ல வேண்டும்? எப்படியோ. முக்கியமில்லை.

மார்ச் 1, சனி

அமாவாசை இருட்டு. கணவாய் மீன் பிடிக்கப் போனோம். கயாக் பக்கவாட்டில் ஒரு பச்சை விளக்கைத் தொங்கவிட்டால் சின்ன மீன்கள் கூடும், அதைத் தின்னக் கணவாய் வரும்.

இ.ம. முதல் கணவாயைத் தூக்கி, எவ்வளவு பெரிசு என்று என்னிடம் காட்டத் திரும்பினார். அது மொத்த மையையும் அவர் முகத்தில் பீய்ச்சியது. கண், மூக்கு, வாய் எல்லாம் கறுப்பு. பல் மட்டும் தெரிந்தது. நான் சிரித்த சிரிப்பில் துடுப்பு கையை விட்டுப் போய்விட்டது. அவர் அந்த முகத்தோடு அதைத் துரத்திப் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். இப்படி நான் சிரித்து எத்தனை காலம் ஆகிறது என்று யோசித்தேன். ஈரோட்டு வீட்டில் ஒரு தடவைகூட இல்லை.

திரும்பும்போது விளக்கை அணைக்கச் சொன்னார். துடுப்பு பட்ட இடமெல்லாம் தண்ணீர் நீலமாக எரிந்தது. கையை விட்டு அளைந்தேன், ஐந்து விரலுக்கும் ஐந்து கோடு. கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அவை, அசைத்தால் ஒளிவிடும் என்று எங்கோ படித்திருக்கிறேன். அதை அவரிடம் சொல்லத் தோன்றவில்லை. கரைவரை துடுப்பைத் தேவைக்கு அதிகமாகவே போட்டுக்கொண்டு வந்தோம்.

கணவாய் வறுவல் சாப்பிட்டேன். ஆமாம், சாப்பிட்டேன். ஸ்டெல்லா அக்கா பக்கத்து வீட்டுக்காரரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

மார்ச் 5, புதன்

இக்னேஷியஸ் நெற்றியில் சாம்பல் சிலுவையோடு வந்தார். தவக்காலம் முடியும்வரை நாற்பது நாள் கறி கிடையாதாம், மீன் உண்டாம். நல்ல மதம் என்றேன்.

மார்ச் 12, புதன்

அம்மா போன். மேட்டூருக்கு மாறுதல் கேட்டு டிசம்பரில் எழுதிக் கொடுத்தேனே, என்ன ஆனது என்று கேட்டார். மறந்தே போயிருந்தேன். மேட்டூர் கிடைத்தால் வாரா வாரம் வீட்டுக்கு வரலாம், அதோடு பல்லடத்தில் ஒரு வரன் இருக்கிறது, அவருக்கும் இது இரண்டாவதுதான், நல்ல மாதிரி என்றார்.

"ஏங்கண்ணு, அந்த ஊர்ல உனக்குன்னு யாரு இருக்கறாங்க? வந்துபோடு."

சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

மார்ச் 19, புதன்

துறைமுகத்தில் கப்பல் நெருக்கடி, இக்னேஷியஸ் பத்து நாளாக வரவில்லை. எனக்கொன்றும் இல்லை. இரண்டு ரீலையும் பிரித்துச் சுத்தம் செய்து எண்ணெய் விட்டேன். தூண்டில் முள்ளையெல்லாம் அளவுவாரியாகப் பிரித்தேன். மஞ்சள் கயாக்கைக் கழுவினேன். அது அழுக்காகவே இல்லை. சிவப்பையும் கழுவினேன். அக்கா ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசாமல் இருப்பது அபூர்வம்.

தூக்கம்: சுமார்.

மார்ச் 30, ஞாயிறு

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

நேற்று இரவு போனோம். நான் சிவப்பில், இக்னி மஞ்சளில். காற்றே இல்லை. குடாவின் வாய்ப்பக்கம் பாறை மீன் துள்ளுகிறது என்று அங்கே போனோம். அவர் தூண்டிலில் பெரிதாக ஒன்று மாட்டியது. மஞ்சள் கயாக்கை அது இழுத்துக்கொண்டே ஓடியது. அவர் சின்னப் பிள்ளை மாதிரி கத்தினார், நானும் கத்தினேன். அந்த நேரத்தில்தான் கச்சான் வந்தது. மேற்கிலிருந்து, கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசும் காற்று. ஒரு நிமிடம் முன்னால்வரை இலை அசையவில்லை. அடுத்த நிமிடம் தண்ணீர் முழுக்கச் சுருக்கம் விழுந்தது. மீன் ஒரு பக்கம் இழுக்க, காற்று ஒரு பக்கம் தள்ள, மஞ்சள் கயாக் புரண்டுவிட்டது.

கயாக் காற்றோடு போய்விட்டது. அவர் தண்ணீரில். ஜாக்கெட் தூக்கிப் பிடித்திருந்தது, முங்கவில்லை. ஆனால் கையையும் காலையும் அடித்த அடியைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அக்கா முதல் நாள் என்னிடம் ஏன் அப்படிக் கேட்டார் என்பதும்.

இக்னிக்கு நீச்சல் தெரியாது.

பக்கத்தில் போனதும் என் கயாக்கைப் பிடித்துத் தொங்கினார். அதுவும் கவிழப் பார்த்தது. குதித்தேன். பின்னால் போய் ஜாக்கெட் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்க வேண்டாம், வானத்தைப் பாருங்கள் என்று காதில் சொன்னேன். கிணற்றில் விழுந்தவர்களுக்கு எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். கொஞ்சம் கொஞ்சமாக அடங்கினார். கயாக் மேல் குப்புறப் படுக்க வைத்தேன். நான் பின்னால் பிடித்துக்கொண்டு காலை அடித்தேன். காற்று எங்களை வெளியே வெளியே தள்ளியது. குடாவின் வாயைத் தாண்டிவிட்டால் அப்புறம் பெருங்கடல். இக்னி படுத்தபடியே இரண்டு கையாலும் தண்ணீரைத் தள்ளினார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் என் கால் மணலில் இடித்தது. வாய்க்கு ஓரமாய் ஒரு மணல் திட்டு.

இருவர் கைப்பேசியும் மஞ்சள் கயாக்கில் இருந்த பையோடு போய்விட்டன. விடிந்து யாராவது வரும்வரை உட்கார்ந்திருப்பதுதான் வழி. கயாக்கைப் பக்கவாட்டில் நிறுத்திக் காற்றுக்கு மறைவாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். இருவருக்கும் பல் கிட்டியது.

"கடக்கரையில பொறந்துட்டு நீச்சல் தெரியாதுன்னு யாருகிட்டச் சொல்ல? எங்க அம்ம என்னைத் தண்ணிப்பக்கம் விட்டதே கெடையாது. வளந்த பொறவு கத்துக்க வெக்கம். அதான் கயாக். தண்ணியில இறங்காமலே கடல்ல இருக்கலாம்லா."

எனக்குக் கோபம் வந்தது. சிரிப்பும் வந்தது. செத்திருப்பீர்கள் என்றேன். ஆமாம் என்றார்.

பிறகு நான் பேசினேன். அதை இங்கே எழுத வேண்டியதில்லை. எழுதினால்தான் என்ன. ஈரோட்டு வீட்டைப் பற்றிச் சொன்னேன். கணவராக இருந்தவர் என்னை அடித்ததில்லை, திட்டியதில்லை. நான் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது டிவி சத்தத்தைக் கூட்டுவார். அவ்வளவுதான். தினமும். நான் சமையலறையிலிருந்து ஏதாவது கேட்டால் இன்னும் கொஞ்சம் கூட்டுவார். கோர்ட்டில் இதைக் காரணமாகச் சொல்ல முடியவில்லை, வேறு ஏதோ எழுதிக் கொடுத்தார் வக்கீல். ராத்திரி எல்லாம் அந்தச் சத்தம் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும்.

இக்னி ஈர மணலை விரலால் கீறிக்கொண்டிருந்தார். பிறகு, "நீங்க பேசுனா நான் துடுப்பை நிறுத்திருவேன். கவனிச்சிருக்கீங்களா?" என்றார்.

கவனித்ததில்லை. அவர் அடிக்கடி பின்தங்கிவிடுவதற்கு நான் வேறு காரணம் நினைத்திருந்தேன்.

விடிந்ததும் மீன்பிடி வல்லம் ஒன்று வந்தது. மஞ்சள் கயாக்கைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். கடலுக்குள் வெகுதூரத்தில் கிடைத்ததாம். தூண்டில் கோல் அதில் சிக்கியிருந்தது. நூலின் மறுமுனையில் அந்தப் பாறை மீன் இன்னும் உயிரோடு. அவர்கள் சிரித்த சிரிப்பு கரைவரைக்கும் ஓயவில்லை.

மார்ச் 31, திங்கள்

ஸ்டெல்லா அக்கா துடுப்புகளை மறுபடியும் ஒளித்துவிட்டார். தம்பி நீச்சல் கற்றுக்கொண்டால்தான் கிடைக்கும். என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். அழுதுகொண்டே பாறை மீனைக் குழம்பு வைத்தார். மூன்று வீட்டுக்குக் கொடுத்தும் மிச்சம்.

ஏப்ரல் 5, சனி

நீச்சல் வகுப்பு, முதல் நாள். சொல்லித் தருவது நான். இடுப்பளவு தண்ணீர். நாற்பத்திரண்டு வயது ஆள் மிதக்கக் கற்பதைப் பார்க்கக் கரையில் கூட்டம். வலை உலர்த்தும் பெண்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். இக்னி வெட்கத்தை விட்டுவிட்டார். கூடவே முகத்தைத் தண்ணீருக்குள் வைக்கவும் கற்றுக்கொண்டார்.

ஏப்ரல் 9, புதன்

மேட்டூர் மாறுதல் உத்தரவு வந்துவிட்டது. மாதக் கடைசிக்குள் அங்கே சேர வேண்டும்.

ஏப்ரல் 10, வியாழன்

அக்கா சொல்லி இக்னிக்குத் தெரிந்துவிட்டது. சாயங்காலம் ஒரு டப்பா மக்ரூனோடு வந்தார். வழியனுப்பும் பலகாரம் போலிருக்கிறது. நல்ல ஊர், அணை இருக்கிறது, அங்கேயும் கயாக் விடலாம், மஞ்சளை நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். லாரியில் ஏற்றி விடுவதற்குக்கூட ஆள் சொல்லி வைத்திருக்கிறார்.

நன்றி என்றேன். கதவைச் சாத்திக்கொண்டேன். மக்ரூன் முழுவதையும் நானே தின்றேன். மனிதர் எவ்வளவு உதவி செய்கிறார். லாரி வரைக்கும்.

ஏப்ரல் 11, வெள்ளி

தூக்கம்: இல்லை.

ஏப்ரல் 12, சனி

நீச்சல் வகுப்புக்குப் போகக் கூடாது என்று முடிவு செய்து, போனேன். இக்னி எனக்கு முன்பே தண்ணீரில் நின்றார். யாரும் பிடிக்காமல் பத்தடி நீந்தினார். எழுந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்.

"லாரிக்காரன்கிட்ட வேண்டாம்னு சொல்லிட்டேன். தப்பா நெனைக்காதீங்க. எனக்கு நீங்க போகக்கூடாது. அன்னைக்கே சொல்லிருக்கணும். பயம்."

தண்ணீருக்குப் பயந்தபோதுகூட அவர் முகம் இப்படி இருந்ததில்லை. காலை இன்னும் நீட்டி அடிக்க வேண்டும் என்று சொன்னேன். அதைத்தான் சொன்னேன். ஆனால் சொல்லும்போது பிடித்த அவர் கையை விடவில்லை. கரையில் இருந்த பெண்கள் யோசனை சொல்வதை நிறுத்திவிட்டார்கள்.

ஏப்ரல் 15, செவ்வாய்

மாறுதலை ரத்து செய்யச் சொல்லிக் கடிதம் கொடுத்தேன். மேற்பார்வைப் பொறியாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். கேட்டதும் நீங்கள், வேண்டாம் என்பதும் நீங்கள், என்ன காரணம் என்று போடுவது என்றார். இங்கே தூக்கம் நன்றாக வருகிறது சார் என்றேன். உடல்நலக் காரணம் என்று எழுதிக்கொண்டார். மேட்டூருக்குப் போகக் காத்திருக்கும் ஆள் ஒருவர் இருக்கிறாராம், சிரமம் இருக்காது என்றார்.

அம்மாவிடம் மட்டும்தான் சொல்ல வேண்டும். சொன்னேன். சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை பஸ் ஏறி வருவதாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஈஸ்டர். அக்கா வீட்டில் பிரியாணி. இக்னி கறியைப் பார்த்த பார்வையில் நாற்பது நாள் தெரிந்தது. எனக்குத்தான் பயம், அம்மா வருவதை நினைத்து.

ஏப்ரல் 26, சனி

அம்மா வந்துவிட்டார். பையில் தேங்காய், கச்சாயப் பலகாரம், என்னைக் கூட்டிப் போவதற்கான பிடிவாதம். வீட்டைச் சுற்றிப் பார்த்தார். பின்புறம் கயாக்குகளைப் பார்த்தார். துணிக்கொடியில் இரண்டு லைஃப் ஜாக்கெட் தொங்குவதைப் பார்த்தார்.

சாயங்காலம் இக்னி வந்து வணக்கம் சொன்னார். அம்மா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏனுங் தம்பி, இதுலயா கடலுக்குள்ள போறீங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றதும், சரி, நானும் வருகிறேன் என்றார். நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அக்கா போய்த் துடுப்புகளை எடுத்துக்கொண்டு வந்தார்.

இருட்டும் நேரம். குடா கண்ணாடி மாதிரி கிடந்தது. அம்மா புடவையை வரிந்து கட்டி, ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, சிவப்புக் கயாக்கில் முன்னால் உட்கார்ந்தார். பின்னால் இக்னி. நான் மஞ்சளில் பக்கத்திலேயே போனேன். கொஞ்ச தூரம் போனதும் அம்மா என்னைப் பார்த்து, நீ அந்தப்பக்கம் போய் மீன் புடி கண்ணு என்று கையை ஆட்டினார். போனேன்.

தூரத்திலிருந்து அவர்கள் விளக்கு மட்டும்தான் தெரிந்தது. அம்மாவின் குரல் கேட்டது, வார்த்தை கேட்கவில்லை. பிறகு இக்னியின் குரல். நீளமாகப் பேசினார். அவ்வளவு பேச்சு அவரிடம் இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. பிறகு இரண்டு பேரும் சும்மா இருந்தார்கள். அந்தச் சும்மாதான் பொறுக்க முடியவில்லை. என் தூண்டிலை மீன் இழுத்து விளையாடிக்கொண்டு இருந்திருக்கிறது, நான் கவனிக்கவே இல்லை.

திடீரென்று அம்மா சிரித்தார். அப்பா போன பிறகு அப்படிச் சிரித்துக் கேட்டதில்லை. ஊடான் மீன் ஒன்றைப் பிடித்திருக்கிறார். உள்ளங்கை அளவுகூட இல்லை. அதைத் திரும்பத் தண்ணீரில் விட மறுத்துவிட்டார்.

என்ன பேசினீர்கள் என்று இக்னியிடம் கேட்டேன். "மீன் பிடிச்சோம்" என்றார்.

ஏப்ரல் 28, திங்கள்

அம்மாவை ஊருக்கு அனுப்பப் புதிய பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். இரண்டு நாளும் மேட்டூரைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. பல்லடம் இல்லை. நான் சொல்லத் தயார் செய்து வைத்திருந்ததெல்லாம் செலவாகாமல் கிடந்தது. வேறு சாதி, வேறு சாமி, வேறு ஊர். மூன்றுக்கும் மூன்று பதில் வைத்திருந்தேன்.

அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தார். டிரைவர் ஏறிவிட்டார். பஸ் உறுமத் தொடங்கிய பிறகு என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"உங்க சித்தப்பங்ககிட்ட நாம் பேசிக்கறேன். ஒரு வருசம் மொணகுவாங்க, அப்புறம் செரியாப் போயிரும். ஆனா ஒண்ணு கண்ணு, பந்தியில மீனு கெடையாது. அதை மட்டும் அவங்ககிட்டச் சொல்லிப்போடு."

பஸ் கிளம்பிவிட்டது. நான் அம்மாவிடம் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை. என்னிடமே சரியாகச் சொல்லிக்கொண்டதில்லை. நடைமேடையில் அப்படியே நின்றேன். பூ விற்கும் அம்மா, பஸ்ஸை விட்டுட்டியாம்மா என்று கேட்டார். இல்லை என்றேன்.

வீட்டுக்கு வந்து இக்னிக்குப் போன் போட்டேன். பந்தியில் மீன் கிடையாதாம் என்றேன்.

"எந்தப் பந்தி?"

"யோசிச்சுப் பாருங்க."

வைத்துவிட்டேன். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே தெருமுனையில் பைக் சத்தம். வாசலில் நிற்கிறது. வண்டிக்கு ஸ்டாண்ட் போடவில்லை போலிருக்கிறது, டமாலென்று விழுந்தது. ஸ்டெல்லா அக்கா கதவைத் திறக்கிறார். படியில் காலடி கேட்கிறது, இரண்டு இரண்டு படியாக.